பட்டாவும் வயிறும்: பேரிடர் நிவாரணத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

புயலடித்துப் பயிர் போனால் விவசாயி கேட்பது நஷ்டஈடு. அரசாங்கம் கொடுப்பது நிவாரணம். இரண்டும் ஒன்றுதான் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் அரசாணைகளை எழுதுபவர்கள் ஒருபோதும் இந்தக் குழப்பத்துக்கு ஆளாவதில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து விவசாயிக்குக் கொடுக்கப்படும் தொகைக்கு விதிகளில் உள்ள பெயர் 'இடுபொருள் மானியம்'. போன பயிருக்கான விலை அல்ல அது. அடுத்த பயிருக்கு விதையும் உரமும் வாங்குவதற்கான கைச்செலவு. போனது போச்சு, அதைப் பற்றிப் பேசாதே, அடுத்த போகத்துக்கு இந்தா என்பதுதான் அந்தப் பெயரின் உள்ளர்த்தம்.

நஷ்டஈடு என்று சொன்னால் அதற்கு ஒரு கணக்கு வேண்டும். எவ்வளவு நஷ்டம், எவ்வளவு ஈடு என்று கேட்கலாம். போதாது என்று வழக்குப் போடலாம். நிவாரணத்திடம் அப்படிக் கேட்க முடியாது. மானியத்திடமும் முடியாது. 'மானியம்' என்ற சொல்லுக்கே தமிழில் ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. கோயிலுக்கும் பிராமணருக்கும் ஊர் ஊழியம் செய்பவர்களுக்கும் ஆள்பவர்கள் வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்கு மானியம் என்று பெயர். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற உறவு அந்தச் சொல்லுக்குள் குடியிருக்கிறது.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, அவை யாரை உள்ளே விட்டு யாரை வெளியே நிறுத்தின என்பதைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பதுதான் இங்கே நான் செய்ய முயல்வது. இதில் பொருளாதார நிபுணர்களுக்கு விட்டுவிட முடியாத ஒரு அரசியல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2

இன்றைய நிவாரணத்துக்கு மூன்று மூதாதையர்கள் உண்டு. முதலாவது வஜா. ரயத்துவாரி முறையில் சர்க்கார் நேரடியாகப் பட்டாதாரரிடமிருந்து கிஸ்தி வசூலித்தது. மழை பொய்த்தோ வெள்ளம் வந்தோ விளைச்சல் போனால் அந்தக் கிஸ்தியில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ தள்ளுபடி செய்வதுதான் வஜா. கவனிக்க வேண்டியது, இங்கே சர்க்கார் எதையும் கொடுக்கவில்லை. வாங்க வேண்டியதை வாங்காமல் விடுகிறது, அவ்வளவுதான். வாங்காமல் விடுவதையே கொடையாகக் காட்டும் வித்தை காலனியக் கணக்குப் புத்தகத்தில் பழுத்தது.

வஜா கிடைக்க வேண்டுமானால் பயிர் சாவியாகப் போனதை யாராவது பார்த்து எழுத வேண்டும். அந்த 'யாராவது' கர்ணம். அடங்கலில் அவர் எழுதினால் சாவி, எழுதாவிட்டால் விளைச்சல். பரம்பரையாக வந்த அந்தப் பதவியை எம்.ஜி.ஆர். அரசு 1980இல் ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆள் மாறினார். அடங்கல் மாறவில்லை. எந்தச் சர்வே எண்ணில் யார் பெயரில் எவ்வளவு நிலம், அதில் என்ன பயிர் என்று பார்க்கும் அந்தக் கண் இன்றுவரை தொடர்கிறது.

இரண்டாவது தக்காவி. 'பலப்படுத்துதல்' என்ற பொருளுள்ள அரபிச் சொல்லிலிருந்து வந்தது. முகலாயர் காலத்திலிருந்தே இருந்த இந்த முன்பணக் கடனை ஆங்கிலேயர் சட்டமாக்கினார்கள். 1883இல் நில அபிவிருத்திக் கடன் சட்டமும் 1884இல் விவசாயிகள் கடன் சட்டமும் வந்தன. இடர்க் காலத்தில் விதைக்கும் மாட்டுக்கும் கடன் கொடுப்பது இரண்டாவது சட்டத்தின் நோக்கம். இன்றைய இடுபொருள் மானியம் இந்த விதைக் கடனின் நேர் வாரிசு. திருப்பிக் கட்ட வேண்டாம் என்பது மட்டும்தான் வித்தியாசம். விவசாயியை மறுபடி விதைக்க வைப்பது, அதன்மூலம் நிலத்தை மறுபடி விளைய வைப்பது என்ற நோக்கம் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது மூதாதை பஞ்ச வேலைக் கூலி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

3

1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக சர் ரிச்சர்டு டெம்பிள் இங்கே அனுப்பப்பட்டார். இதே டெம்பிள் 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துப் பெரும் சாவைத் தடுத்தவர். அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, ஊதாரி என்ற பெயர். அந்தப் பெயரைக் கழுவத்தான் அவர் தெற்கே வந்தார் என்று சொன்னால் மிகையாகாது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்ட் தானியமும் அதற்கு மேல் சில்லறைக் காசும் போதும் என்று நிர்ணயித்தார். வரலாற்றில் 'டெம்பிள் கூலி' என்று பெயர் பெற்றது இதுதான். சென்னை ராஜதானியின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். இந்த அளவு சாப்பாட்டில் மனுஷன் வேலை செய்ய முடியாது, உயிரோடு இருப்பதே கஷ்டம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் நடந்த சண்டையில் நாம் வழக்கமாகக் கார்னிஷ் பக்கம் நிற்கிறோம். அது சரிதான். ஆனால் இருவரும் ஒத்துப்போன ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நிலமில்லாதவர் அரசாங்கத்தின் முன்னால் ஒரு வயிறாகத்தான் வருகிறார் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. அந்த வயிற்றுக்கு எத்தனை பவுண்ட் என்பதுதான் தகராறு. பஞ்சத்தால் அவர் எதையாவது 'இழந்தார்' என்ற எண்ணமே அந்த விவாதத்துக்குள் வரவில்லை. நிலம் இருந்தால்தானே இழப்பதற்கு!

ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் 1880இல் அறிக்கை கொடுத்தது. பின்னால் வந்த பஞ்ச விதித் தொகுப்புகள் எல்லாம் அதன் குழந்தைகள். அந்த அறிக்கை ஜனங்களைத் தெளிவாகப் பிரித்தது. நிலம் உள்ளவருக்கு வரி ஒத்திவைப்பு, வஜா, கடன். உடம்பில் தெம்பு உள்ள நிலமற்றவருக்கு வேலை, கூலி. தெம்பும் இல்லாதவருக்கு இலவச உதவி. முதல் வகையினர் சொத்து உள்ள பிரஜைகள். மற்ற இரண்டு வகையினர் பராமரிக்கப்பட வேண்டிய உடல்கள். நான் தலைப்பில் பட்டாவும் வயிறும் என்று சொன்னது இந்தப் பிரிவினையைத்தான்.

4

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பிரிவினை என்ன ஆயிற்று? வெள்ளைக்காரன் போனான், பஞ்ச விதித் தொகுப்பு கொஞ்ச காலம் இருந்தது, பிறகு பெயர் மாறியது. மாநில வருமானத்தில் நிலவரியின் பங்கு சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் ஆனதால் வஜாவுக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. வாங்காமல் விடுவதற்கு எதுவும் இல்லாதபோது கையிலிருந்து கொடுக்க வேண்டிய நிலை வந்தது. 1957இல் இரண்டாவது நிதிக் கமிஷன் இயற்கை இடர்களுக்கென்று மாநிலங்கள் ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வழிசெய்தது. ஒன்பதாவது நிதிக் கமிஷனின் பரிந்துரைப்படி 1990இல் பேரிடர் துயர்தணிப்பு நிதி தொடங்கியது. முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநிலம். 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம். 2010இலிருந்து மாநில, தேசியப் பேரிடர் நிதிகள்.

சட்டமெல்லாம் வந்துவிட்டது, இனி உரிமை என்று பேசலாமே என்று தோன்றும். ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டமே உயிரிழப்புக்குத் தரும் உதவியைக் 'கருணைத் தொகை' என்றுதான் சொல்கிறது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் கொரோனா சாவுகள் தொடர்பான வழக்கில், அதற்கான நெறிமுறைகளை வகுப்பது அதிகார அமைப்பின் சட்டக் கடமை என்று தீர்ப்புச் சொன்னது. எவ்வளவு கொடுப்பது என்பதை மட்டும் அரசிடமே விட்டது. கருணை கட்டாயம், அளவு உன் இஷ்டம்! நமது நிவாரண அரசியலின் முழு வடிவமும் இந்த இரண்டு வார்த்தைகளுக்குள் அடங்கிவிடுகிறது.

இனி கணக்குக்கு வருவோம். 2015க்கு முன்பு பயிரில் பாதி அழிந்தால்தான் உதவி. 2015 ஏப்ரலில் இந்த வரம்பு 33 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2015-20 காலத்து விதிகளில் ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 6,800 ரூபாய், பாசனப் பயிருக்கு 13,500, நீண்ட காலப் பயிருக்கு 18,000. சிறு, குறு விவசாயிக்கு மேற்பட்டவர்களுக்கும் இரண்டு ஹெக்டேர் வரைதான். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டபோது நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்று அரசு சொன்னது. எதற்கு இந்த விசித்திரமான எண்? எந்த வயலில், எந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தார்கள்? ஒன்றுமில்லை. 13,500ஐ ஹெக்டேரிலிருந்து ஏக்கருக்கு மாற்ற 2.47ஆல் வகுத்தால் வருவது 5,465. காவிரியில் தண்ணீர் வராததும், வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், சம்பா கருகியதும் கடைசியில் ஒரு வகுத்தல் கணக்காக முடிந்தன. அந்த வறட்சிக்கு மாநிலம் கேட்டது 39,565 கோடி. மத்தியில் ஒப்புக்கொண்டது சுமார் 1,748 கோடி.

5

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. இந்த வரலாறு முழுவதும் ஒரே இடத்தில் வெளிச்சத்துக்கு வந்த சம்பவமாக நான் கஜாவைப் பார்க்கிறேன். ஏனென்றால் இந்த முறை விழுந்தது நெல் அல்ல, தென்னை.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்கள் 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயின், அதாவது புதாற்றின், பாசனப் பகுதி. தண்ணீர் நிச்சயமில்லாமல் போகப் போகக் கடைமடைக்காரர்கள் நெல்லை விட்டுத் தென்னைக்குப் போனார்கள். ஆற்றை நம்ப முடியாதவர்கள் மரத்தை நம்பினார்கள். நம் பேச்சு வழக்கில் அது மரம்கூட இல்லை, தென்னம்பிள்ளை. ஐந்தாறு வருஷம் வளர்த்தால் ஐம்பது அறுபது வருஷம் சோறு போடும் பிள்ளை. ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கில் சாய்ந்தன.

இதற்கு மத்திய விதிகள் சொன்ன தொகை ஹெக்டேருக்கு 18,000. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மரத்துக்கு 103 ரூபாய்கூட வராது. போகத்துக்குப் போகம் மறுபடி விதைக்கும் பயிரை மனதில் வைத்து, 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதைக் கடன் தர்க்கத்தில் எழுதப்பட்ட விதி அது. மரம் என்பது ஒரு தலைமுறையின் சேமிப்பு என்பதை அந்தத் தர்க்கத்தால் யோசிக்கவே முடியாது.

மாநில அரசு இந்த விதியைத் தாண்டித்தான் ஆக வேண்டியிருந்தது. மரத்துக்கு 600 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். மறு நடவுக்கும் பராமரிப்புக்கும் மேலும் 72,100. மத்திய விதியோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்குக்கு மேல். தெருவுக்கு வந்து மறியல் செய்த ஜனங்களின் கோபத்துக்கு இதில் பங்கு உண்டு என்பதை மறக்கக்கூடாது. ஆனால் இங்கேயும் பாருங்கள், மரம் இருந்ததற்கான விலை 600, மரம் இல்லாமல் ஆக்குவதற்கான விலை 500. பிணத்தை எடுக்கும் செலவும் பிள்ளையின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கின்றன. மாநிலம் ஏறக்குறைய 15,000 கோடி கேட்டது. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது 1,146 கோடி சொச்சம்.

பணம் யாருக்குப் போகும்? பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. தாத்தா பேரில் இருக்கும் பட்டாவை மாற்றாதவர்கள், கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து கிடப்பவர்கள், கணவன் செத்த பிறகும் தன் பேருக்கு எழுதிக்கொள்ளாத பெண்கள், புறம்போக்கில் வைத்து வளர்த்தவர்கள் ஒவ்வொருவரும் தான்தான் அந்த மரத்தை வளர்த்தவர் என்பதை நிரூபிக்க அலைய வேண்டும். குத்தகைக்காரர் கதை இன்னும் மோசம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்யப் போனால் நிலமே கையை விட்டுப் போகும் என்ற பயத்தில் வாய்ப்பேச்சிலேயே சாகுபடி செய்கிறவர்கள் ஏராளம். அவர்கள் அதிகாரியிடம் போய் நிற்க முடியாது. நிலக்காரர் வீட்டுத் திண்ணையில்தான் நிற்க வேண்டும். "நீங்களா பாத்து எதாவது குடுங்க" என்று கேட்பதுதான் அவர்களுக்கான பேரிடர் மேலாண்மை.

6

சரி, பட்டாதாரர் சரியாக எழுதப்பட்டு, குத்தகைக்காரரும் சேர்க்கப்பட்டு, மரத்துக்கு ஐயாயிரமே கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது நியாயம் முடிந்துவிடுமா?

ஒரு தென்னந்தோப்பை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மரம் ஏறுபவர், காய் பொறுக்கிக் குவிப்பவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள், கயிறு ஆலைக்குப் போகிறவர்கள், லாரியில் ஏற்றி இறக்குபவர்கள். தோப்பு மறுபடி காய்க்க ஐந்தாறு வருஷம் என்றால் இவர்கள் வேலையும் அத்தனை வருஷத்துக்குப் போய்விட்டது. இவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை. இவர்களில் கணிசமானோர் தலித்துகள். இது தற்செயல் அல்ல. மரத்துக்கு 1,100 என்ற கணக்கில் மரம் ஏறுபவருக்கு ஒரு பைசாவும் கிடையாது.

விதிப் புத்தகம் இவர்களை முழுக்க மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2015-20 விதிகளில் 'வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்கள்' என்று ஒரு வரி உண்டு. பெரியவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய். பொதுவாக 30 நாள் வரை. பெரியவருக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு! டெம்பிள் எங்கேயும் போய்விடவில்லை. பவுண்ட் ரூபாயாக மாறியிருக்கிறது, தானியத்தட்டு வங்கிக் கணக்காக மாறியிருக்கிறது. ஆனால் நிலமற்றவர் இன்னும் வயிறாகத்தான் வரிசையில் நிற்கிறார். 2022இல் வந்த விதிகள் இந்தத் தொகையை 100 நாள் வேலைக் கூலியோடு இணைத்தன. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் பராமரிப்பு என்ற வகைமையிலிருந்து இழப்பு என்ற வகைமைக்கு அவர் இதனால் மாற்றப்பட்டுவிடவில்லை.

அமர்த்தியா சென் 1981இல் பஞ்சங்களைப் பற்றி எழுதிய நூலில் சொன்னதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். பஞ்சத்தில் சாவது உணவு இல்லாததால் மட்டும் அல்ல, உணவைப் பெறும் உரித்து இல்லாமல் போவதால். 1943 வங்கப் பஞ்சத்தில் விவசாயக் கூலிகளும் மீனவர்களும் நாவிதர்களும் செத்தார்கள். விற்பதற்கு உழைப்பு இருந்தது, வாங்க ஆள் இல்லை. நமது நிவாரண விதிகள் விளைபொருளின் இழப்பை அளக்கின்றன, உரித்தின் இழப்பை அளப்பதில்லை. அளக்கத் தெரியாததால் அல்ல. அளப்பதற்கான புத்தகமே அடங்கலாக இருக்கிறது. அடங்கலில் நிலத்துக்கு எண் உண்டு, பயிருக்குப் பெயர் உண்டு, பட்டாதாரருக்குப் பெயர் உண்டு. அந்த நிலத்தில் வேலை செய்பவருக்குக் கட்டமே கிடையாது.

இந்த டெல்டாவில் கூலி என்பது சாதாரண வார்த்தை இல்லை என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்க்க அத்தனை உயிர் தேவைப்பட்டது. அதே மண்ணில் அரை நூற்றாண்டு கழித்து, புயலில் கூலி போனால் அது இழப்பா இல்லையா என்ற கேள்வியே நிவாரண விதிகளுக்குள் நுழையவில்லை.

7

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொண்டாக வேண்டும். கடன்பட்டுக் கிடக்கும் சிறு விவசாயியையும் கூலித் தொழிலாளியையும் பிரித்து மோத விடுவதா, அரசுக்குத்தானே அது லாபம் என்று தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒரு ஏக்கர் தோப்பை இழந்தவரின் துயரத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. அவருக்கு 103 ரூபாயை நீட்டும் விதியைத்தான் முதலில் திட்டினேன். ஆனால் பிரித்தது நானல்ல, 1880ஆம் ஆண்டு அறிக்கை. பிரிவினையைச் சுட்டிக்காட்டுவதால் ஒற்றுமை கெடாது. அதை மூடி மறைத்து எல்லாரையும் 'விவசாயி' என்ற ஒரு பேருக்குள் போட்டு அடைக்கும்போதுதான் கெடுகிறது. அந்தப் பேரின் பலன் எப்போதும் பட்டா வைத்திருப்பவருக்கே போகிறது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் எதிர்க்கட்சியில் யார் இருந்தாலும், 'ஏக்கருக்கு 25,000 கொடு, 30,000 கொடு' என்று அறிக்கை விடுகிறார்கள். இடதுசாரி விவசாயச் சங்கங்களும் பல சமயம் இதே மொழியில்தான் பேசுகின்றன. 'ஏக்கருக்கு' என்று வாயெடுத்த உடனேயே நாம் அரசின் இலக்கணத்தை ஒப்புக்கொண்டுவிட்டோம். தொகையைப் பற்றி மட்டும்தான் இனிச் சண்டை. டெம்பிளும் கார்னிஷும் போட்ட அதே சண்டையின் இன்னொரு வடிவம் இது.

வேறு மொழி சாத்தியமா? சாத்தியம் என்றே நினைக்கிறேன். அடங்கலில் பட்டாதாரர் பெயரோடு உண்மையில் சாகுபடி செய்பவர் பெயரும் ஏற வேண்டும். அந்தப் பதிவு குத்தகை உரிமைத் தாவாவுக்குள் இழுக்கப்படாமல் நிவாரணத்துக்கு மட்டுமாவது செல்லும் என்ற உத்தரவாதத்தோடு. மரப்பயிர்களுக்குப் போகக் கணக்கு பொருந்தாது என்பது விதியிலேயே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு புயலுக்கும் முதலமைச்சரின் தயவில் அறிவிக்கப்படும் தொகையாக இருக்கக்கூடாது. மறு நடவுக்கு எத்தனை வருஷம் ஆகிறதோ அத்தனை வருஷத்துக்கு அந்தத் தோப்பை நம்பியிருந்த உழைப்பாளிக்கு வேலை இழப்புக்கான ஈடு வேண்டும். கேட்கிறவர்கள் அதை வயிற்றுப்பாட்டுக்கான தர்மமாகக் கேட்காமல், போன வேலைக்கான ஈடாகக் கேட்க வேண்டும். பணம் எங்கே என்று கேட்பார்கள். 1877இலும் அதைத்தான் கேட்டார்கள்.

இவை பெரிய புரட்சிகரக் கோரிக்கைகள் இல்லை. ஒரு ரிஜிஸ்தரில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடச் சொல்வதுதான். ஆனால் அந்த இரண்டு கட்டங்கள் 140 வருஷத்துக்கு மேலாகப் போடப்படாமல் இருப்பதற்குக் காரணம் காகிதத்தில் இடமின்மை அல்ல. அடுத்த புயல் சின்னம் வங்கக் கடலில் உருவாகும்போது நமது சங்கங்கள் என்ன முழக்கத்தோடு தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போகப் போகின்றன என்பதைப் புயலுக்கு முன்பே பேசி முடிவு செய்வது நல்லது. புயலுக்குப் பிறகு பேசுவதற்கு மரம் ஏறுகிறவர் ஊரில் இருக்கமாட்டார், திருப்பூருக்குப் பஸ் ஏறியிருப்பார்.